தினைப்புனத்திலிருந்து திண்ணைக் கூண்டுக்கு

1

உடுமலைப்பேட்டையில் மளிகைக் கடைக்குப் போய் ஒரு கிலோ தினை வேணும் என்று கேட்டால், கடைக்காரர் திருப்பிக் கேட்கிற முதல் கேள்வி, "குருவிக்குங்களா?" என்பதுதான். ஐ.நா. சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்து, சர்க்கரை நோய்க்காரர்கள் தினைப் பொங்கலுக்குத் திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி முழுசாக மறைந்துவிடவில்லை. உமியோடு இருப்பது குருவிக்கு, உமி போக்கியது மனுசனுக்கு என்று கடையில் இரண்டு மூட்டைகள். அவர் 'குருவி' என்று சொல்வது சிட்டுக்குருவியை அல்ல. லவ் பேர்ட்ஸ். நம் ஊர் பாஷையில் ஒருமையே கிடையாது, ஒற்றைப் பறவையாக இருந்தாலும் 'ஒரு லவ் பேர்ட்ஸ்'தான். பறவை நூல்களில் அதன் பெயர் பட்ஜரிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி வறண்ட நிலத்தைச் சேர்ந்த ஒரு சின்னக் கிளி.

இந்தக் கேள்வியில் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் தினைப்புனம் என்பது வெறும் பின்னணி அல்ல, கதை நடக்கும் களம். தினை முற்றும் காலத்தில் கிளிகள் கூட்டமாக இறங்கும். அவற்றை ஓட்டப் பெண்பிள்ளைகளைப் பரண்மீது உட்கார வைப்பார்கள். தட்டை, தழல், குளிர், கவண் என்று ஓட்டும் கருவிகளுக்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு. வீட்டார் கண்ணுக்கு அப்பால் இருக்கும் அந்தப் பரணுக்குத்தான் தலைவன் வருவான். களவு நடந்த இடம் அது. தினை அறுவடை ஆனதும் காவலும் முடியும், சந்திப்பும் முடியும். அந்தப் பாடல்களைப் புலவர்கள் பாடினார்களே தவிர, வெயிலில் தொண்டை வறளக் கத்திய பெண்பிள்ளைகள் பாடவில்லை என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பிரதிகள் ஒரு விஷயத்தைப் பதிந்து வைத்திருக்கின்றன: கிளி ஓட்டுகிற வேலைதான் ஒரு பெண்ணுக்குத் தன் துணையைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு வெளியைத் தந்தது.

இன்று எல்லாம் தலைகீழ். எந்தப் பறவையின் வாயிலிருந்து தினையைக் காப்பாற்றினோமோ, அந்தப் பறவையின் இனத்துக்கே கிலோ கணக்கில் தினை வாங்கிக் கிண்ணத்தில் கொட்டுகிறோம். அன்று காதல் வீட்டுக்கு வெளியே புனத்தில் நடந்தது. இன்று 'லவ்' என்ற பெயரோடு வீட்டுக்குள்ளே, எல்லார் கண்ணுக்கும் முன்னால், கம்பிக்குப் பின்னால் தொங்குகிறது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பேச நினைக்கிறேன். பேசுகிறவன் வெளியாள் அல்ல. நாற்பது வருஷமாக விட்டு விட்டு இந்தப் பறவையை வளர்த்து வருபவன்.

2

முதலில் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நம்மாட்களுக்குச் சந்தோஷத்தைப் பற்றி எழுதக் கை வராது. செல்லப் பிராணி என்றாலே 'மத்தியதர வர்க்கத்தின் பொழுதுபோக்கு' என்று ஒரு வரியில் கதையை முடித்துவிடுவோம். நான் பார்த்த முதல் லவ் பேர்ட்ஸ் கூண்டு மில் தொழிலாளிகளின் லைன் வீட்டில் தொங்கியது. எங்கள் வீட்டில்தான். ஒரு ஆசாரம், ஒரு அறை, பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரு தண்ணித் தொட்டி. போனஸ் வந்த மாசம் அப்பா கோயமுத்தூரிலிருந்து ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இரண்டு பச்சைப் பறவைகளைக் கொண்டுவந்தார். வெல்டிங் பட்டறையில் சொல்லிக் கூண்டு செய்தார். குயவரிடம் சின்னக் கலயம் வாங்கி, பக்கவாட்டில் ஓட்டை போட்டு, படுக்கவாக்கில் கட்டித் தொங்கவிட்டார். "சம்பளத்துல பாதி சங்கத்துக்குப் போச்சு, மீதி குருவிக்குப் போச்சு" என்று அம்மா கொஞ்ச நாள் பேசினார். அப்புறம் அவரே முருங்கைக் கீரையை ஈரத்தோடு செருக ஆரம்பித்தார். ஈரக் கீரையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அவை குளிப்பதைப் பார்க்க லைனே கூடும்.

பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட சங்கதிகள் ஏராளம். அலகுக்கு மேலே மெழுகு போட்டது மாதிரி இருக்கும் சதை, வளர்ந்த ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. காலில் முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு. முழுசாக வளர்ந்த பறவை முப்பது, நாற்பது கிராம், ஒரு கோழி முட்டையின் கனம்கூடக் கிடையாது. ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டை இடும். நாலோ, ஆறோ. பதினெட்டாம் நாள் பொரியும். அதனால் ஒரே கலயத்துக்குள் இறகு முளைத்த அண்ணனும் அன்றைக்குத்தான் பொரிந்த தம்பியும் சேர்ந்து கிடப்பார்கள். தாய் கடைசிக் குஞ்சுக்கும் தேடிப் போய் ஊட்டும். ஐந்து வாரத்தில் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்க்கும். முட்டையிடுகிறவளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை வாங்கிக் கம்பியில் செருகுவோம். ராத்திரி தூங்குவதற்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று, இறகை உப்பிக்கொண்டு, அலகை அரைக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, மெஷின் சத்தம் இன்னும் காதில் இரைய, அந்த அரைவையைக் கேட்டுக்கொண்டு கூண்டடியில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

பேசவும் செய்யும். பெரும்பாலும் ஆண்தான் பேசும். 1958இல் பி.பி.சி. நடத்திய பேசும் பட்ஜிகளுக்கான போட்டியில் நியூகாசில் நகரத்துப் பறவை ஒன்று ஜெயித்துப் பிரபலமானது, அதுவும் அந்த ஊர் ஆங்கிலத்திலேயே பேசி. எங்கள் பறவை படித்தது கொங்குத் தமிழ். அம்மாயி வந்து ஆறு மாசம் தங்கியிருந்தார். அவருக்கு எல்லாரும் சாமிதான். "வா சாமி, உண்டியா சாமி?" அம்மாயி ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் பொழுதோட, கூண்டுக்குள்ளிருந்து கீச்சுக் குரலில் "சாமி... சாமி..." அப்பா பெரியார் கட்சி. பக்கத்து வீட்டுக்காரர், "ஏனுங்க தோழர், சாமி இல்லீன்னு பேசற ஊட்டுல குருவி மட்டும் சாமி கும்புடுதுங்களே" என்று வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இந்தச் சந்தோஷம் எதனால் ஆனது? 'அழகு', 'அமைதி' என்றெல்லாம் சொல்வது போதாது. பட்ஜி கூட்டத்தோடு வாழும் பறவை. கூட்டத்திலிருப்பவை ஒன்றையொன்று கூப்பிட ஒரு சிறு அழைப்பொலி வைத்திருக்கின்றன. சேர்ந்து வாழ ஆரம்பித்தால் சில வாரங்களில் அந்த ஒலிகள் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஜோடி சேர்ந்த ஆண் தன் இணையின் அழைப்பைக் கற்றுக்கொண்டு அதே மாதிரி கூப்பிடுகிறது என்று 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆக, அது நம் சொல்லைச் சொல்வது வித்தை காட்டுவதற்கு அல்ல. கூட்டத்தின் ஒலியைக் கற்பதுதான் கூட்டத்தில் சேர்வதற்கு அது கொடுக்கும் சந்தா. எங்கள் லைன் வீட்டை அது தன் கூட்டமாக எடுத்துக்கொண்டது. பத்து வீட்டுச் சனங்களும், ஒரு நாத்திகரும், ஒரு கிழவியும் அதன் கணக்கில் ஒரே கூட்டம். மனுசர்கள் நம்மை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது, எந்தக் கூட்டத்திலிருந்து தள்ளுவது என்று பார்த்துக்கொண்டேயிருக்கும் ஒரு சமூகத்தில், கேள்வியே கேட்காமல் ஒரு உயிர் நம்மைத் தன்னோடு சேர்த்துக்கொள்வது சின்ன விஷயம் அல்ல.

3

இனி அது எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1805இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1838இல் ஆஸ்திரேலியாவுக்குப் போன ஜான் கூல்டு, 1840இல் திரும்பும்போது உயிரோடு சில பறவைகளைக் கொண்டுபோனார். அவரும் அவருடைய மனைவி எலிசபெத்தும் தயாரித்த பறவை நூலின் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. பத்து வருஷத்துக்குள் ஐரோப்பாவில் கூண்டிலேயே குஞ்சு பொரிக்கத் தொடங்கிவிட்டது. 'பட்ஜரிகர்' என்ற பெயர் கமிலராய் என்ற ஆதிக்குடி மக்களின் மொழியிலிருந்து வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. பறவை போன கப்பலிலேயே பெயரும் போனது. பெயர் சொன்னவர்களின் நிலம் ஆட்டுப் பட்டிகளாக மாறியது.

காட்டில் அதன் வாழ்க்கையை நம்மூர் மானாவாரி விவசாயிக்குச் சுலபமாகப் புரியவைத்துவிடலாம். அந்த நிலத்தில் மழைக்குக் காலண்டர் கிடையாது. எங்கே மழை பெய்து புல் விதை கட்டுகிறதோ அங்கே ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறந்து போகும். மழை கிடைத்த இடத்தில் மரப்பொந்தில் சட்டென்று முட்டை வைக்கும். விதை தீர்ந்தால் மறுபடி கிளம்பும். காய்ந்த விதையைத் தின்றுகொண்டு தண்ணியில்லாமல் நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உடுமலை மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் கிடக்கிற ஊர். 1957இல் அமராவதி அணையும், பிறகு பரம்பிக்குளம்-ஆழியாறு தண்ணியும் வருவதற்கு முன்னால் கம்பும் சோளமும் சாமையும் தினையும் போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காடுகள் இவை. தாது வருஷப் பஞ்சத்தில் கோயமுத்தூர் ஜில்லா பட்ட பாடு ஊரறிந்தது. மழை பொய்த்தால் இடம் மாறத் தெரிந்த பறவையின் அறிவை நாம் இளப்பமாக நினைக்க முடியாது.

நடு ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களுக்கு இந்தப் பறவை 'ஙாடிஜிரி'. அது அவர்களுடைய ஆதிக் கதைகளில் ஒன்றின் நாயகன். பறவை போன பாதை, தண்ணி கிடைக்கும் இடம், பொந்துள்ள மரம் எல்லாம் அந்தக் கதைக்குள்ளே நிலப்படமாக இருக்கும். யுவெண்டுமு என்ற ஊரின் ஓவியர்கள் அதை இன்றும் வரைகிறார்கள். 1928இல், வார்ல்பிரி, அன்மாட்யர், கைடிட்ச் மக்கள் வாழ்ந்த அந்தப் பகுதியில், கானிஸ்டன் என்ற கால்நடைப் பண்ணையை ஒட்டி, போலீஸ் தலைமையில் போன கும்பல் வாரக்கணக்கில் வேட்டையாடியது. அரசுக் கணக்குப்படியே 31 பேர் கொல்லப்பட்டார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். விசாரணைக் குழு அந்தக் கொலைகள் நியாயமானவை என்று எழுதி வைத்தது. அதே ஆண்டுகளில்தான் பிரிட்டனில் பட்ஜி வளர்ப்போர் சங்கம் (1925) தொடங்கி மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பறவைக்கு வம்சாவளிப் பதிவேடு எழுதப்பட்டது. அதன் கதையைத் தெரிந்தவர்களின் சாவுக்குச் சரியான கணக்குகூட எழுதப்படவில்லை.

இதைச் சொல்வது கூண்டு வைத்திருக்கிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இல்லை. எங்கள் லைன் வீட்டுக்கு வந்த ஜோடி யாரையும் சுட்டுவிட்டு வரவில்லை. ஆனால் நம் திண்ணையில் தொங்குவது 'இயற்கை'யின் துண்டு என்று நினைத்துக்கொள்கிறோமே, அது அப்படி அல்ல. அது ஒரு காலனிய வரலாற்றின் துண்டு. 1960இல் ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவைகளின் ஏற்றுமதியைத் தடை செய்தது. இன்று நம் கூண்டுகளில் இருப்பவை கூண்டுக்கே பிறந்து, கூண்டுக்கே பிறந்தவற்றுக்குப் பிறந்தவை. அவற்றுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை.

4

அடுத்து நிறம். காட்டிலிருப்பது எல்லாம் பச்சை. 1870களில் கூண்டுகளில் மஞ்சள் வந்தது. 1880 வாக்கில் பெல்ஜியத்தில் நீலம். 1910இல் லண்டன் கண்காட்சியில் நீல பட்ஜியைப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. 1920களின் பிற்பாதியில் ஜப்பானில் நீலத்துக்கு ஒரே மோகம். விலை எங்கேயோ போய், பிறகு தடாலென்று சரிந்தது. பறவையின் நிறம் சந்தைச் சரக்கானது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நீலம் என்பது புதிதாகச் சேர்ந்த சாயம் அல்ல. பச்சைப் பறவையின் இறகு அமைப்பு ஒளியைச் சிதறி நீலமாகக் காட்டுகிறது. அதன்மேல் ஒரு மஞ்சள் நிறமி. நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. அந்த மஞ்சளைச் செய்யும் மரபணுவில் ஒரே ஒரு மாற்றம் நேர்ந்து, மஞ்சள் உண்டாகாமல் போனால் மிச்சம் நீலம். 2017இல் இதை மரபணு அளவில் கண்டுபிடித்தார்கள். 'சுத்த நீலம்' என்று அதிக விலை கொடுத்து வாங்குவது ஒரு இல்லாமையை. பச்சைப் பறவை ஒவ்வொன்றுக்குள்ளும் நீலம் மறைந்து கிடக்கலாம். பச்சைக்கும் நீலத்துக்கும் பிறந்தவை எல்லாம் பார்வைக்குப் பச்சைதான். அந்தப் பச்சைகள் இரண்டு சேர்ந்தால் நாலில் ஒன்று நீலமாக வரும்.

எங்கள் இரண்டு பச்சைக்கும் மூன்றாவது ஈட்டில் ஒரு நீலக் குஞ்சு வந்தது. லைனே திரண்டுவிட்டது. "பச்சைக்கும் பச்சைக்கும் நீலம் எப்புடீங்க்கா பொறக்கும்?" என்று ஒரு அக்கா அம்மாவிடம் கேட்டார். இன்னொருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பொட்டைக் குருவி எங்கியாச்சும் போயிட்டு வந்துருக்கும்" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூட்டிய கூண்டுக்குள் இருக்கிற பறவை எங்கே போகும் என்று யாருக்கும் தோணவில்லை. நிறம் மாறினால் முதல் சந்தேகம் பெண்ணின் நடத்தைமேல். வம்சத் தூய்மை பற்றிய பேச்சு எவ்வளவு இயல்பாக நம் நாக்கில் ஊறியிருக்கிறது என்பதற்கு அந்தச் சிரிப்பைவிட நல்ல ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பறவைக்கு 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயர் எப்படி வந்தது? ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உரியது ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு குட்டைவால் கிளிக்கு. அதைத் தமிழ்நாட்டில் 'ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்' என்று அடைமொழி போட்டு விற்கிறார்கள். பட்ஜி நம்மிடம் பெயரை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டது. பெயரோடு ஒரு பிரிப்பும் நடந்தது. கூட்டத்துப் பறவை ஜோடிப் பறவையாகச் சுருங்கிவிட்டது. கடையில் எண்ணிக்கை கிடையாது, ஜோடி என்ன விலை என்பதுதான் கணக்கு. அந்த ஜோடியை யார் முடிவு செய்கிறார்கள்? நாம்தான். ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும், நிறம் பார்த்து, வயசு பார்த்து, ஒன்றாகப் போட்டு அடைத்துவிட்டு, வாரம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர், "என்னங்க, ஜோடி செட் ஆயிருச்சுங்களா?" என்று கேட்கிறார். செட் ஆகவில்லை என்றால் கடையில் மாற்றிக் கொடுக்கிறார்கள். இதற்குப் பெயர் லவ். குடும்பமும் சாதியும் கூடிப் பொருத்தம் பார்த்து அடைத்துவைப்பதற்குக் காதல் என்று பெயர் சூட்டி, அதைத் திண்ணையில் தொங்கவிட்டுக் கண்குளிரப் பார்க்கிற ஒரு சமூகம் நம்முடையது.

நானும் இதைச் செய்தவன்தான். வயசு பதினாறு இருக்கும். நீலத்தை நீலத்தோடு சேர்த்தால் காசு பார்க்கலாம் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரு பச்சை ஆணோடு ஒட்டிக்கொண்டிருந்த நீலப் பெட்டையைப் பிரித்து, வாங்கி வந்த நீல ஆணோடு தனிக் கூண்டில் போட்டேன். பச்சை ஆண் மூன்று நாள் கம்பியில் தொத்திக்கொண்டு கூப்பிட்டது. அவள் அழைப்பை அப்படியே அவன் கூப்பிட்டான். என்ன நடக்கிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. நாலாம் நாள் காலையில் புது ஆண் தலையில் கொத்துப்பட்டுக் கீழே செத்துக் கிடந்தது. பெட்டை ஒரு மூலையில். அப்பா கூண்டைத் திறந்து அவளைப் பழைய இடத்தில் விட்டார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "அது ஒண்ணும் உன்ற பொண்ணு இல்லியே, நீ மாப்பிள்ளை பாக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னார். யோசித்தால் அந்த வாக்கியத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. பொண்ணாக இருந்தால் பார்க்கலாம் என்றல்லவா ஆகிறது?

2016 மார்ச் 13. இதே உடுமலைப்பேட்டையில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், ரோட்டில் சனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சங்கர் என்ற தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட வெட்டுப்பட்ட அவருடைய மனைவி கௌசல்யா பிழைத்தார். கல்லூரியில் சந்தித்து, சாதி தாண்டி, 2015இல் தாங்களாக மணம் செய்துகொண்டவர்கள். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உள்பட ஆறு பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்து, மற்ற ஐந்து பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அந்தக் கேமராக் காட்சியை நாடே பார்த்தது. அதே ரோட்டின் கடைகளிலும் மாடிகளிலும் லவ் பேர்ட்ஸ் கூண்டுகள் அன்றைக்கும் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். பேப்பரில் வாரம் தவறாமல் 'காதல் ஜோடி போலீசில் தஞ்சம்' என்று செய்தி வருகிறது. புனத்தில் தானே துணை தேடியவளைப் பாட்டில் கொண்டாடுகிறோம். கூண்டில் நாம் சேர்த்துவைத்த ஜோடியைத் திண்ணையில் கொண்டாடுகிறோம். இரண்டுக்கும் நடுவில், ரோட்டில், தானே துணை தேடிக்கொண்டு நடந்து போகிறவர்களுக்குத்தான் இங்கே இடமில்லை.

5

இன்னொரு முரணையும் சொல்ல வேண்டும். நம் சொந்தப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியப் பறவைகளின் வணிகத்தை 1990-91இல் நிறுத்திய தடையும், 2022 திருத்தமும் அதைக் காக்கின்றன. நல்ல சட்டம்தான். ஆண்டாளுக்கும் மீனாட்சிக்கும் கையில் கிளி உண்டு. அந்தக் கிளி ஜோசியக்காரர் கையில் இருந்தால் கைது. 2024 தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியின் சொந்தக்காரரை வனத்துறை பிடித்துக்கொண்டுபோனது. சட்டம் யார்மேல் முதலில் பாய்கிறது என்பதைக் கவனியுங்கள். பட்ஜியோ வெளிநாட்டுப் பறவை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான உலக ஒப்பந்தப் பட்டியலில் ஏறக்குறைய எல்லாக் கிளிகளும் உண்டு, பட்ஜி கிடையாது. உள்ளூர்க் கிளி விலகிய கூண்டுக்குள் அந்நியக் கிளி சட்டப்படி குடியேறியது. அதற்குப் பாதுகாப்பாக மிஞ்சியிருப்பது 1960 பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு: அசைந்து நடமாடப் போதாத கூண்டில் அடைப்பது குற்றம் என்று அது சொல்கிறது. நம் கடைகளில் விற்கிற சதுரக் கூண்டுகளை அந்தப் பிரிவோடு வைத்துப் பாருங்கள்.

உடுமலைக்குப் பறவை என்றால் இன்னொரு கதையும் உண்டு. 1984இல் இதே ஊரில் தொடங்கிய சுகுணா நிறுவனம் நாட்டின் மிகப் பெரிய கோழி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. குஞ்சும் தீவனமும் கம்பெனி தரும், ஷெட்டும் உழைப்பும் விவசாயியுடையது, வளர்ப்புக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்ற ஒப்பந்த முறை தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் வேரூன்றிப் பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. தினையும் கம்பும் விளைந்த காடுகளில் கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் வந்தது. என் மாமா ஒருவர் அப்படி ஒரு ஷெட்டில் ஐயாயிரம் கோழி வளர்த்தார். நாற்பது நாள் சுமாருக்கு ஒரு பேட்ச். லாரி வரும், தூக்கிப் போடுவார்கள், ஷெட் காலியாகும். அந்த ஐயாயிரத்தில் ஒன்றுக்கும் பெயர் கிடையாது. பெயர் வைத்தால் வேலை செய்ய முடியாது. அவர் சாளை வாசலில் இரண்டு லவ் பேர்ட்ஸ் வைத்திருந்தார். இரண்டுக்கும் பெயர் உண்டு. லாரி போன அன்றைக்குப் பொழுதோட அந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். ஐயாயிரத்தை எண்ணாக்கிய மனசு, இரண்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அதைச் சரிக்கட்டப் பார்க்கிறது. இதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிழைப்பு நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கிற எதையோ அந்தக் கூண்டடியில் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். அப்பா மெஷின் இரைச்சலைக் கழுவ உட்கார்ந்ததும் இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

6

அப்படியானால் என்ன செய்வது? கூண்டைத் திறந்து விட்டுவிடலாமே என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. பல தலைமுறையாகக் கூண்டில் பிறந்த பட்ஜியை உடுமலை வானத்தில் விட்டால் சாயங்காலத்துக்குள் காக்கைக்கோ வல்லூறுக்கோ இரையாகும். நம் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள அதன் உயிரைக் கொடுப்பது விடுதலை ஆகாது. வளர்க்காமலே இருக்கலாம், அது நேர்மையான முடிவு. வளர்ப்பது என்றால் அதன் கூட்டத்தை அதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜோடி வாங்காதீர்கள். ஏழெட்டாக வையுங்கள். சதுரக் கூண்டு வேண்டாம், இறக்கையடித்துப் பறக்கிற நீளம் வேண்டும். தினை மட்டும் போட்டால் நோவு வரும், கீரையும் கடல்நுரையும் வேண்டும். நிறம் பார்த்துப் பிரிக்காதீர்கள். யார் யாரோடு என்பதை அவை முடிவு செய்யட்டும்.

மாடியில் பன்னிரண்டு அடி நீளத்துக்கு வலை அடித்து, இப்போது ஒன்பது பறவைகள் வைத்திருக்கிறேன். ஒன்பது என்றவுடன் வருகிறவர்கள், "ஒண்ணு ஒத்தையா இருக்குங்களே, ஜோடி வாங்கிப் போடலீங்களா?" என்று கேட்கிறார்கள். ஒத்தையாக இருப்பவள் ஒரு மஞ்சள் பெட்டை. அவள் யாரோடும் சேரவில்லை, யாரும் அவளைக் கொத்துவதும் இல்லை. மற்ற எட்டின் குரலும் அவள் தொண்டையில் இருக்கிறது. பொழுதோட தென்னந்தோப்புக்குத் திரும்பும் பச்சைக்கிளிகள் மாடிக்கு மேலே கத்திக்கொண்டு போகும்போது உள்ளேயிருந்து முதலில் பதில் கொடுப்பது அவள்தான். அது வேறு பாஷை, வேறு கண்டம். இருந்தாலும் கொடுக்கிறாள்.

அவை உமி நீக்கித் தின்னும்போது பாதித் தினை வலைக்கு வெளியே சிதறும். அதைப் பொறுக்கச் சிட்டுக்குருவியும் தினைக்குருவியும் வருகின்றன, போன வருஷத்திலிருந்து இரண்டு பச்சைக்கிளிகளும். யாரும் ஓட்டுவதில்லை.